அவதான் போகச் சொன்னா

கர்ப்பிணியின் புருஷன் கடலில் இறங்கக் கூடாதாம். முடி வெட்டக் கூடாது, பூசணிக்காய் உடைக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. இதையெல்லாம் முதன்முதலாக என் மாமியார் வாயிலிருந்துதான் கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்கு இன்று வரைக்கும் அந்த வீட்டில் யாரும் என்னை மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நானும் என் கணவரும் சந்தித்ததே தண்ணீரில்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை எனக்கு. கூட வேலை செய்த சீனப் பெண்ணுக்கு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திடீரென்று ஆசை வந்துவிட்டது. "வா லா, வா லா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஷா ஆலாம் பக்கம் ஒரு நீச்சல் குளம். முதல் வகுப்பிலேயே அவளுக்குக் காது வலி வந்து நின்றுவிட்டாள். பணம் கட்டிய பாவத்துக்கு நான் மாட்டிக்கொண்டேன்.

அந்த வகுப்பில் இன்னொரு தமிழர் இருந்தார். கிள்ளான்காரர், துறைமுகத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கிற எஞ்சினியர். முதல் நாளே என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களும் தமிழா?" என்றார். அக்காவாம்! என்னைவிட வயதில் மூத்தவர். "கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்க அண்ணே, கடைக்கு வந்தா டிஸ்கவுண்ட் தர்றேன்" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

டைவிங்கில் ஒரு சட்டம் உண்டு. யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் காற்றுத் தீர்ந்தால் இன்னொருவர் தன் காற்றைக் கொடுக்க வேண்டும். இறங்கும் முன் ஒருவர் வாரை ஒருவர் இழுத்துப் பார்க்க வேண்டும், ஒருவர் காற்று டாங்கியை ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண். கறாரான ஆள். "மேலே வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். கீழே உங்கள் ஜோடிதான் உங்கள் அம்மா, அப்பா" என்பார். வகுப்பில் தமிழர் இருவர்தானே, எங்களைத்தான் ஜோடி சேர்த்தார். மற்றவர்கள் "ஓஹோ" என்று கூவினார்கள். அவருக்குக் காது மடல் சிவந்துபோனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குளத்தில் கற்று முடித்ததும் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே எல்லாரும் கூலர் பெட்டியையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போய் இறங்கிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு மரக் குடிசை, ஒரு சாப்பாட்டுக் கொட்டகை, ஒரு பழைய படகு, அவ்வளவுதான் அங்கே. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை.

அடேயப்பா, அந்த அமைதி! கோலாலம்பூரில் பிறந்தவளுக்குச் சத்தமே இல்லாத இடம் ஒன்று உலகத்தில் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே ரயில் ஓடும். கீழே பூக்கடைக்காரரின் வானொலி அலறும். அங்கே தண்ணீருக்கடியில் என் மூச்சுச் சத்தம் ஒன்றுதான். காதைக் கூர்மையாக்கினால் இன்னொரு சத்தம் கேட்கும், யாரோ முறுக்குக் கடிப்பது மாதிரி. கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்கிற சத்தம் அது. பச்சையும் நீலமும் ரோஜா நிறமுமாக, பட்டுப் புடவைக் கடையில் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும் அந்த மீன்கள், வேலை என்னவோ கல் உடைக்கிற வேலை.

இரண்டாவது முறை இறங்கியபோது என் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. உப்பு கண்ணைக் கரித்தது. எதுவும் தெரியவில்லை. கண் பரிசோதிக்கிறவளுக்குக் கண் தெரியாமல் போனால் எப்படி இருக்கும்? பயத்தில் மேலே பாய்ந்துவிடப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் எந்தப் பாடம் மண்டையில் ஏறும்? அவர் என் தோள் வாரை இறுகப் பிடித்தார். விடவே இல்லை. நான் உதைத்தேன், அடித்தேன், அப்படியும் விடவில்லை. மாஸ்க்கிலிருந்து தண்ணீரை ஊதி வெளியேற்றி நான் கண்ணைத் திறந்தபோது அவர் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. மெதுவாக, மெதுவாக என்று கையை அசைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் நம்மை விட மாட்டான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்று முடிவு செய்கிறவர்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன். நான் முடிவு செய்த லட்சணம் இது.

கல்யாணம் ஆகி மூன்றாம் வருடம் பிள்ளை தங்கியது. ஐந்து மாதம் ஆனபோது பழைய வகுப்புக்காரர்கள் அதே தீவுக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். கர்ப்பிணிகள் டாங்கி மாட்டி இறங்கவே கூடாது, அது வைத்தியச் சட்டம். நான் மறுபேச்சில்லாமல் ஒதுங்கிக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளையோடு படகில் குதிக்க எனக்கென்ன பைத்தியமா? ஆனால் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரவும் பகலும் அந்த வாட்சாப் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் அந்தச் சட்டத்தைச் சொன்னார். அவர் கேரித் தீவு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தீவு என்று பெயர்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை மரம். கடலில் காலை நனைத்ததே இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வீட்டில் மதியச் சாப்பாடு. மகனுக்கு நண்டுக் கறியை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை பொறக்குற வரைக்கும் கடல் பக்கமே போகக் கூடாது தம்பி. பொண்டாட்டி முழுகாம இருக்கறப்ப புருஷன் கடல்ல எறங்கினா ஆகாது."

நான் சிரித்துவிட்டேன். "அத்தை, அவர் வேலையே கடலுக்கு மேலதானே? தினமும் போர்ட்லதானே நிக்கிறாரு?" என்றேன்.

"மேல நிக்கலாம். எறங்கத்தான் கூடாது" என்றார். பதிலைத் தயாராக வைத்திருந்தார், பாருங்கள்.

முடி வெட்டக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஆனால் வேலையிடத்தில் காடு மாதிரி முடியோடு நிற்க முடியாது என்று என் கணவர் மாதாமாதம் போய் வெட்டிக்கொண்டுதான் வந்தார். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிக்குக் கோபம் வராதாம். கடலுக்குத்தான் வருமாம்.

காரில் திரும்பி வரும்போது அவர் கேட்டார். "என்ன சொல்ற? போகட்டுமா?"

"உங்களுக்குப் போகணுமா, வேணாமா?"

"போகணும்தான். நீ சொன்னா போறேன்."

மறுநாள் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒரு மனுஷன் ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பார்? காப்பி போடும்போது கேட்டார், துணி காயப்போடும்போது கேட்டார். கடைசியில் எனக்கே சிரிப்பு வந்து, "ஐயோ சாமி, போய்த் தொலைங்க. வந்து எனக்கும் கதை சொல்லுங்க" என்றேன். சின்னப் பையன் மாதிரி குதித்துக்கொண்டு காலில் மாட்டும் ஃபின்ஸைத் தேடப் போனார்.

திரும்பி வந்த அன்று மாலை சோபாவில் என் வயிற்றுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். முதுகெல்லாம் வெயிலில் தோல் உரிந்திருந்தது. என் வயிற்றின் மேல் விரலால் வரைந்து காட்டினார். இங்கே ஆமை தூங்கிக்கொண்டிருந்தது, இங்கே ஒரு சுறாக் குட்டி, இந்த மூலையில் கிளிமீன் கூட்டம் என்று. பிறகு வயிற்றில் வாயை வைத்து உள்ளே இருக்கிறவளிடம் கறக்மொறக் என்று கிளிமீன் மாதிரி சத்தம் போட்டார். அவள் உள்ளேயிருந்து ஓர் உதை விட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்து அவள் உதைப்பது நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஜெல்லின் குளிர்ச்சி, திரையை என் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்ட நர்ஸ். அதையெல்லாம் விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. பெற்றுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பெற்றேன். பெண் குழந்தை. மூக்கு அவருடைய மூக்கு.

டாக்டர் தமிழ் அம்மாதான். எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருக்கிறது. பிள்ளை உள்ளே புரளும்போது எப்போதாவது அப்படி விழும், பிறகு அது இறுகிவிடும். "யார் மேலயும் தப்பில்லம்மா. நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாததாலயும் இல்ல. தடுத்திருக்கவும் முடியாது" என்றார். என் கணவர் எஞ்சினியர் இல்லையா, முடிச்சு எப்படி விழும், எப்படி இறுகும் என்று கேட்டார். டாக்டர் தன் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினார். அவர் அதைக் கையில் வாங்கித் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். புரிந்தது என்றார்.

ஆண்கள் போய்ப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் வரக் கூடாதாம், நான் போகவில்லை. என்னைக் கிள்ளான் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின்னறையில் படுக்கவைத்தார்கள். பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? முட்டைக்கோஸ் இலையை வைத்து மாரை இறுக்கிக் கட்டிவிட்டார் அத்தை. கட்டும்போது அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. அவருக்கும் பேத்திதானே. அதை நான் மறுக்க மாட்டேன்.

கட்டிவிட்டு ஹாலுக்குப் போனார். மெல்லிய பலகைச் சுவர், எல்லாம் கேட்டது. "என்னடா பண்ணீங்க ரெண்டு பேரும்? ஒண்ணுமே பண்ணாம எப்படிடா போகும்?" என்று மகனைக் கேட்டார். நான் காத்திருந்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்லப்போகிறார், முடிச்சைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"கடலுக்குப் போயிருந்தேன்மா" என்றார். அத்தை ஐயோ என்று கத்தினார். உடனே அவர், "நான் வேணாம்னுதான் சொன்னேன். அவதான் போகச் சொன்னா" என்றார்.

எழுந்து போய் அவர் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்தேன். மார்பில் கட்டிய துணி முழுக்கப் பாலில் நனைந்து ஈரமாகியிருந்தது.

அதன் பிறகு அந்த வாக்கியம் ஊர் சுற்றியது. கல்யாண வீடுகளில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கோயிலில் யாரோ ஒரு ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவங்க சொன்னா கேக்கணும் கண்ணு" என்றார். யாரென்றே எனக்குத் தெரியாது! என்ன சொல்ல முடியும் அவரிடம்? ஸ்டெதாஸ்கோப் வாங்கி வந்து முடிச்சுப் போட்டுக் காட்டுவதா?

பரிகாரம் செய்ய மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கடலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மோரிப் கடலைப் பார்த்திருப்பீர்கள். தேத்தண்ணீர் நிறம், கணுக்கால் வரை சேறு, கரையில் குவியல்குவியலாகப் பிளாஸ்டிக் பை. கோபம் வந்தது கிழக்குக் கடலுக்கு, மன்னிப்பு மேற்குக் கடலிடம். பூசாரி, "கடல்ல எறங்கினது யாரு?" என்று கேட்டார். என் கணவர், "நான்தான் சாமி. இவ போகச் சொன்னா, போனேன்" என்றார். இந்தத் தடவை சுவர்கூட இல்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். பிறகு கடலுக்குப் பால் ஊற்றினார்கள், சூப்பர்மார்க்கெட் பாக்கெட் பால். மாரில் வந்ததை நான் இலை வைத்துக் கட்டி வற்றவைத்திருந்தேன். பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றினார் அத்தை. இனி இரண்டு பேருமே கடலில் இறங்க மாட்டோம் என்று என் கணவர் வேண்டிக்கொண்டார். எனக்கும் சேர்த்துத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் அப்போது எனக்கு அவர் மேல் பரிதாபம்தான் வந்தது, நம்புவீர்களா? துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம், அம்மா சொன்னதை உண்மையிலேயே நம்பிவிட்டார் என்று நினைத்தேன். நம்புகிறவனை என்ன செய்வது? எனக்கே சில நாள் விடியற்காலையில் அந்தச் சந்தேகம் வந்தது. ஒருவேளை நான் போகச் சொல்லாமல் இருந்திருந்தால், என்று. அதனால் பொறுத்துக்கொண்டேன். அவருக்குச் சோறு போட்டேன், சட்டை தேய்த்தேன், ஞாயிறுதோறும் கிள்ளானுக்குப் போய் அத்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் டைவிங் பருவம் ஆரம்பித்ததும் நான் அந்தத் தீவுக்குப் போனேன். தனியாக. வேண்டுதல் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். நான் வேண்டவில்லையே என்றேன்.

அதே மலாய் ஆசிரியைதான் எனக்கு ஜோடி. இறங்கினோம். பாறையின் மேல்பகுதி பல இடங்களில் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் சூடாகிவிட்டால் பவளம் வெளுத்துவிடுமாம், படகிலேயே சொல்லியிருந்தார். ஆழத்தில் நிறம் இன்னும் மிச்சமிருந்தது. கிளிமீன்கள் இருந்தன. அந்தக் கறக்மொறக் சத்தம் காதில் விழுந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. வாயிலிருந்த மூச்சு ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். தண்ணீருக்கடியில் கத்தினால் யாருக்கும் சரியாகக் கேட்காது, குமிழிதான் அதிகமாகப் போகும். ஆசிரியை திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் தோள் வாரைப் பிடித்துக்கொண்டு, நான் கத்தி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு சரியா என்று சைகையில் கேட்டார். சரி என்றேன். மாஸ்க்குக்குள் பாதி வரை தண்ணீர். கடல் தண்ணீர் இல்லை.

மேலே வந்தபோது மண்டை தெளிந்திருந்தது. கடல் என் பிள்ளையை எடுக்கவில்லை. அதைப் போய் இவருக்கும் புரியவைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பாவம், இந்த மனுஷன் இதை நம்பிக்கொண்டு எத்தனை நாள் வேகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நடுப்பகல். அவர் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரப் பையைக் கதவுப் பக்கத்தில் வைத்துவிட்டு டிவியை அணைத்தேன்.

"டாக்டர் முடிச்சுப் போட்டுக் காட்டினது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. ஏன்?"

"கடல்ல எறங்கினதால இல்லங்க. சத்தியமா இல்ல. நீங்க உங்களையே போட்டு வதைச்சுக்காதீங்க."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உனக்கென்ன பைத்தியமா? கடல்ல குளிச்சா பிள்ளை போயிடுமா? நான் அதையெல்லாம் எப்ப நம்பினேன்?"

"அப்புறம் ஏன் அத்தைகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அம்மாவுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லணும்ல. சொல்லலன்னா அவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க, உனக்குத் தெரியாதா? தப்பு என் மேலன்னா அவங்க தாங்க மாட்டாங்க. உன் மேலன்னா தாங்கிக்குவாங்க." குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கடைக்குப் போய் என்ன வாங்கினேன் என்று சொல்வது மாதிரி, பக்குவமாக எடுத்துச் சொன்னார். "அவங்களுக்கும் வயசாச்சு. நீ இதைப் பெருசா எடுத்துக்க மாட்டேன்னு நினைச்சேன்."

நான் பையைப் பிரிக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அவர் மாடியிலிருந்து, "எங்க போற? சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

கடல்தான் கொன்றது என்று அவர் உண்மையிலேயே நம்பியிருந்தால், நான் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பேன்.